கல்லறைத் துரையின் சிப்பந்தி

எங்கள் குப்பத்தில் அவருக்குச் சிலை வைக்கப் போகிறார்களாம். தம்பி போன் செய்து சொன்னான். நெஞ்சில் பதக்கம், நெற்றியில் வலது கை, எல்லாம் சிமெண்டில். வைக்கட்டும். உயிரோடு இருந்தபோதும் மனிதர் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியப் போவதில்லை.

செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பாள் அம்மா. அவள் உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றியும் தப்பாகப் பேசாதவள். அவள் பேச்சை இந்த விஷயத்தில் எடுத்துக்கொண்டால் நான் வாயே திறக்க முடியாது. அவரைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் நான். அவரால் என் அக்கா குடும்பம் ஏரியை விட்டே போனதையும் பார்த்தவள். அதனால் எழுதுகிறேன்.

ஊரில் அவருக்கு 'நேவி' என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது, அதைக் கூப்பிட ஆள் இல்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்திலிருந்து கடற்படைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அதிகாரியாக இல்லை, சாதாரண மாலுமியாக. வங்கதேச யுத்தத்தில் வீரத்துக்காகப் பதக்கம் வாங்கினார். பதக்கம் பொய்யென்று நினைத்துவிடாதீர்கள். பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம், இத்தனை கஷ்டம் வந்திருக்காது. கப்பலின் அடித்தளத்தில் தீப்பிடித்து உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பேரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவர். முதுகு முழுக்கத் தழும்பு. சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தால் நண்டு வறுத்த சட்டியின் அடி மாதிரி இருக்கும்.

அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி நாங்கள் சின்ன வயதில் அவரைச் சுற்றி உட்காருவோம்.

"இன்னா நடந்துச்சு பெரிப்பா?"

"தீ புடிச்சிக்கிச்சு. ஐயா எறங்குன்னாரு. எறங்கினேன்."

"பயமா இல்லியா?"

"ஐயாதான் சொல்லிட்டாரே."

கதை அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. நாங்கள் ஏமாந்து எழுந்து போவோம். அது அடக்கம் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அடக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவருக்குள் நடந்ததே அவ்வளவுதான்.

பெரியம்மா, அதாவது அவர் மனைவி, இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. "எழுந்திரு, குளி, குந்து, துன்னு" என்று அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவாள், இவர் வரிசையாகச் செய்துகொண்டே வருவார். அவள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததும் மனிதர் வாசலில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்த சோற்றில் ஈ மொய்த்தது. துக்கம் என்று ஊரே உருகியது. எனக்கு இப்போது சந்தேகம். சாப்பிடச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்று காத்திருந்தாரோ என்னவோ.

ஒருநாள் காலையில் அரிவாளோடு கிளம்பிப் போனார். துரையைக் கண்டுபிடித்தார்.

ஊருக்கும் ஏரிக்கும் நடுவில் சீமைக்கருவேல முள்ளுக்குள் ஒரு கல்லறை கிடந்தது. பழவேற்காட்டு ஊருக்குள் இருக்கிற டச்சுக்காரர்கள் கல்லறையைப் பார்க்கச் சென்னையிலிருந்து காரில் வருவார்கள். இதை ஆடுகூட எட்டிப் பார்க்காது. நேவி முள்ளை வெட்டி, எச்சத்தைக் கழுவி, மேலே செதுக்கியிருந்த நங்கூரத்துக்கு எண்ணெய் தடவினார். அதில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டினார். உள்ளே கிடப்பவன் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்காரன், கடற்படை அதிகாரி. ராணி காலத்தில் நடந்த பர்மா யுத்தத்தில் ஆற்றுக்குள் படகில் போய், தலைக்கு மேலே குண்டு பறந்துகொண்டிருக்க, கரையில் கட்டியிருந்த எதிரியின் படகுகளையெல்லாம் கொளுத்தினானாம். அந்த வீரத்துக்குப் பதக்கம். ஊருக்குத் திரும்புகிற வழியில் காய்ச்சல் வந்து இங்கே செத்துப் போனான்.

கேட்டுக்கொண்டிருந்த என் நைனா பீடியைக் கீழே போட்டார். "கட்டிக் கெடந்த போட்டையா கொளுத்துனான்? அதுக்கு இன்னாத்துக்கு மெடலு? அதுல வலை போட்டுக்கினு இருந்தவன் எவனோ, பாவம்."

"அது ஆர்டர்டா" என்றார் நேவி. "குண்டுக்கு நடுவுல போனாரு பாரு, அத்த பாரு."

"நடுவுல போனவன் எவன் சோத்துல மண்ண போட்டான்னு நான் கேக்கறேன்."

நேவிக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. நடிப்பில்லை, நிஜமாகவே விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறிச்சென்று இருந்தது.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் துரைக்குச் சலாம். தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டை, அதில் பதக்கம். விறைப்பாக நின்று, "ஐயா, காத்து கொண்டல். முகத்துவாரம் தொறந்துருக்குது. நம்ம போட்டுங்க ஏரில இருக்குது ஐயா" என்று ஒப்பிப்பார். இறால் தடவப் போகிற பெண்கள் கழுத்தில் பறிக்கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்த வழியாகத்தான் போவார்கள். நின்று கேலி செய்வார்கள்.

"தொரை இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஐயே, கோவமா?"

"ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு அர்த்தம்."

இதை அவர் சிரிக்காமல் சொல்வார். அவர்கள் தண்ணீரில் இறங்கிய பிறகும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஊரில் உயிரோடு இருக்கிறவன் எவனும் தனக்கு மேலே இல்லை என்று தெரிந்ததும், மேலே வைத்துக்கொள்ள ஒரு பிணத்தைத் தேடிப்பிடித்த மனுஷன். இதற்குச் சிலை.

ஒருமுறை ஏதோ அதிகாரி ஏரியைப் பார்க்க ஜீப்பில் வந்தார். நேவி ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஒரு சலாம் வைத்தார் பாருங்கள், மண் தெறித்தது. சலாம் வாங்கியது டிரைவர். தொப்பி வைத்திருந்தது அவன்தான். அதிகாரி பின் சீட்டிலிருந்து தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். சுடிதார் போட்ட சின்னப் பெண். நாங்கள் எடுத்துச் சொன்ன பிறகும் அவர் டிரைவர் பக்கமே நின்றார்.

இன்னொருமுறை மீன் காயப்போடுகிற கொட்டகையில் தீப்பிடித்தது. எல்லோரும் கிடைத்ததில் தண்ணீர் மொண்டு ஓடுகிறோம். இவர் நிறைந்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற மாதிரி நிற்கிறார். வரிசையே இல்லை, இவர் மட்டும் வரிசை. ரேஷன் கடைக்காரர் அந்தப் பக்கமாக வந்தவர், "யோவ், இன்னாய்யா நிக்கற, உள்ள போய் ஊத்துய்யா!" என்று கத்தினார். அவ்வளவுதான். எரிகிற கூரைக்குக் கீழே புகுந்து, உள்ளே கட்டியிருந்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். புருவம் கருகிப் போயிருந்தது. ஊர் கைதட்டியது. நானும் தட்டினேன், சின்னப் பெண் தானே.

இனி அக்கா படகுக்கு வருகிறேன்.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று குப்பங்களுக்குள் முறை உண்டு. பாடு என்போம். நம் பாட்டில் அடுத்த குப்பத்தான் வலை போட்டால் அவன் படகைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவோம். பஞ்சாயத்துப் பேசி முடிக்கும்வரை அது நம் கரையில் கிடக்கும். ஆனால் பிடித்து வந்த படகுக்கு ஒரு கீறல் விழக் கூடாது. தண்ணீர் ஏறினால் பிடித்தவன்தான் இறைக்க வேண்டும், வெயில் அடித்தால் பிடித்தவன்தான் கீற்றுப் போட வேண்டும். சண்டை ஆளோடுதான், படகோடு இல்லை. எங்கள் ஆட்கள் ஆயிரம் அயோக்கியத்தனம் செய்வார்கள், இதில் மட்டும் தவற மாட்டார்கள்.

அக்காவை ஏரிக்கு மேற்கே ஆரம்பாக்கம் பக்கத்துக் குப்பத்தில் கொடுத்திருந்தோம். ஐப்பசியில் அவள் புருஷன் எங்கள் பாட்டுக்குள் வலை போட்டுவிட்டார். நீரோட்டம் இழுத்துக்கொண்டு வந்ததென்று அவர் சொன்னார், எங்கள் ஆட்கள் நம்பவில்லை. பைபர் படகைப் பிடித்து வந்து எங்கள் கரையில் முளைக்குச்சியில் கட்டினார்கள். எஞ்சினைக் கழற்றி ஊர்த் தலைவர் வீட்டில் வைத்தார்கள். பஞ்சாயத்து முடியும்வரை மாமா எங்கள் ஊருக்குள் கால் வைக்க முடியாது. அக்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். அந்தப் படகு ஒன்றுதான் அவர்களுக்கு. சம்பந்தி படகு என்பதால் நைனாவால் ஊருக்கு நடுவில் வாய் திறக்க முடியவில்லை.

தலைவர் பேச்சுவார்த்தைக்காகப் பொன்னேரிக்குக் கிளம்பினார். போகும்போது கரையில் நின்ற நேவியைக் கூப்பிட்டார். "நான் வந்து சொல்ற வரிக்கும் இந்தப் போட்ட எவனும் அவுக்கக் கூடாது. பாத்துக்க." எங்கள் ஊரிலேயே பெரிய தப்பு அதுதான். வேறு எவனிடம் சொல்லியிருந்தாலும் அதற்கு அர்த்தம் தெரியும். யாரும் திருடிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள் என்று அர்த்தம். காற்று ஏறினால் படகை மேலே இழுத்துப் போடு என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை, மூச்சு விடு என்று சொல்வதில்லையே, அதுபோல. நேவி விறைத்து நின்று சலாம் வைத்தார். ரொம்ப நாள் கழித்து உயிருள்ள ஆளிடமிருந்து ஒரு ஆர்டர். முகத்தில் அப்படியொரு களை.

நெல்லூர்ப் பக்கம் போகும் என்று சொன்ன புயல் காலையில் எங்கள் பக்கம் திரும்பியது. ஏரித் தண்ணீர் கரைக்கு ஏறியது. எல்லோரும் தங்கள் தங்கள் படகை மேட்டுக்கு இழுத்தார்கள். அக்கா படகு மட்டும் முளைக்குச்சியில் கிடந்து, கரை அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறாங்கல்லில் முட்ட ஆரம்பித்தது. அதன் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நேவி துடுப்போடு நின்றார். நெஞ்சில் பதக்கம்.

நைனாவும் நாலு பேரும் இறங்கினார்கள். "நேவி, வுடு, மேல இழுத்துடலாம்."

"கயித்த அவுக்காம எப்படி இழுப்பே?"

"அவுத்துதான் இழுக்கணும். இன்னா பேசறே?"

"தலைவர் வரட்டும்." துடுப்பைத் தூக்கினார். "கிட்ட வராதே."

தலைவருக்குப் போன் போகவில்லை, டவர் விழுந்துவிட்டது. தலைவர் வார்த்தையை மீறிப் பிடிபட்ட படகில் கை வைத்தால் அந்த வீட்டுக்குப் பாடு வரிசையில் முறை கிடைக்காது. அதனால் எங்கள் ஆம்பளைகள் கரையேறிவிட்டார்கள். என் நைனாவும் ஏறிவிட்டார். அதை எழுத எனக்கு வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியவர் அவர்.

அக்கா குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். கரையில் நின்ற பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து கெஞ்சினோம். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பெரிப்பா, உன் கால்ல வுழறேன் பெரிப்பா. அந்த ஒரு போட்டுதான் எங்களுக்கு. அவுத்து வுடு பெரிப்பா."

"தலைவர் வரணும்மா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மாப்பிள்ளை விருந்துக்கு நேரமாகும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அக்காவுக்கு என்ன தோன்றியதோ, திரும்பி மேட்டில் ஏறிக் கல்லறைப் பக்கம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"பெரிப்பா, நான் தொரைகிட்ட கேட்டேன். அவுக்கச் சொல்லிட்டாரு."

நேவி முகத்தில் மழை வழிந்தது. அவர் யோசித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்தார்.

"இன்னா பாஷைல சொன்னாரு?"

"தமிழ்லதான்."

"ஐயாவுக்குத் தமிழ் தெரியாதும்மா" என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் செய்ததையெல்லாம் நான் ஒளிக்கப் போவதில்லை. அலை அடிக்க அடிக்கப் படகுக்கும் பாறைக்கும் நடுவில் தன் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கயிற்றின் வால் முனையை இடுப்பில் கட்டிக்கொண்டார். வாளியால் தண்ணீரை இறைத்துக் கொட்டினார். ஒரு அலையில் அவர் இடது கை படகுக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கியது. நாங்கள் அலறினோம், அவர் அலறவில்லை. எழுபதை நெருங்குகிற கிழவன், மார்பளவுத் தண்ணீரில், ஒற்றைக் கையால். அந்தப் படகைக் காப்பாற்ற ஒரு மனுஷன் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார், முடிச்சை அவிழ்ப்பதைத் தவிர. அவருக்குத் தைரியம் இல்லையென்று சொல்கிறவன் நாக்கு அழுகிப் போகும். அந்தத் தைரியத்தைக் கொண்டுபோய் உலையில் போடவா?

மத்தியானம் தாண்டிப் படகு பிளந்தது.

சாயங்காலம் மழை விட்டபோது தலைவர் சேற்றில் நடந்து வந்து சேர்ந்தார். கரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தார்.

"நேவி, இன்னாய்யா இது?"

நேவி கரைக்கு வந்தார். நசுங்கிய கையில் ரத்தம் கட்டியிருந்தது. நல்ல கையில் கயிறு. கயிற்றின் முனையில் படகின் மூக்கு மட்டும், தொட்டில் அகலத்துக்கு, மண்ணில் இழுபட்டு வந்தது. மறுமுனையில் மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்த முளைக்குச்சி. முடிச்சு அப்படியே இருந்தது.

"யாரும் அவுக்கலைங்க" என்றார்.

தான் சொன்ன வார்த்தை தலைவருக்கு ஞாபகம் வந்திருக்கும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே ஏரியைப் பார்த்தார். அடுத்து என்ன என்று யாரும் சொல்லாததால் நேவி கயிற்றை நீட்டியபடியே நின்றார். ஊரே நின்றது.

அக்கா போனாள். அவருக்கு நேராக நின்றாள். அவள் வாயில் அப்படியொரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

"டேய். கயித்த கீழ போடு."

போட்டார்.

"வூட்டுக்குப் போடா. போய்க் கைக்கு மருந்து போடு."

நேவி விறைத்து நின்றார். நசுங்காத கையைத் தூக்கி என் அக்காவுக்கு ஒரு சலாம் வைத்தார். திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போய் மருந்தும் போட்டுக்கொண்டார் என்று மறுநாள் தெரிந்தது.

பஞ்சாயத்து முடிந்தது. நீரோட்டம்தான் இழுத்து வந்தது, மாமா மேல் தப்பில்லை, படகை எடுத்துக்கொண்டு போகலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். எதை எடுத்துக்கொண்டு போவது? மாமா அதற்குப் பிறகு ஏரியில் இறங்கவில்லை. இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறார். புயலில் ஒற்றை ஆளாக நின்று படகைக் காத்த வீரர் என்று ஊரில் ஒரு கதை கிளம்பி, அது பேனராகி, இப்போது சிலையாகிறது. படகு என்ன ஆனது என்று பேனரில் இல்லை.

சிலை விஷயத்தைச் சொல்ல அக்காவுக்குப் போன் போட்டேன். திட்டுவாள், நானும் சேர்ந்து திட்டலாம் என்று ஆசையாக இருந்தேன். அவள் திட்டவில்லை.

"காலைலேர்ந்து கால்ல வுழுந்துக்கினு இருந்தோமேடி, அத்தனி பொம்பளைங்களும்" என்றாள். "ஒருத்தியாவது அதட்டியிருந்தா அவுத்திருப்பான்."